சுமங்கலி என்னும் சுருக்கு

வறுமை ஒரு பெண்ணிடமிருந்து முதலிலே எதைப் பறிக்கிறது? சோற்றை என்பர் சிலர். துணியை என்பர் சிலர். நாம் கூறுகிறோம், அவளுடைய நாளைப் பறிக்கிறது! காலையிலே பள்ளி, மாலையிலே தோழியர், இரவிலே தாயின் அருகே உறக்கம் என்று பதினாறு வயதுக்கு உரிய எளிய நாளைப் பறித்து, அதற்கொரு விலை குறித்து, ஆலைக்காரரிடம் ஒப்படைக்கிறது.

2000ஆம் ஆண்டையொட்டித் தமிழகத்து நூற்பாலைகளிலே பரவியதே ‘சுமங்கலித் திட்டம்’. தென் மாவட்டத்துச் சிற்றூர்களுக்குத் தரகர் வந்தனர். “மூன்றாண்டு வேலை; முடிவிலே மொத்தமாக முப்பதாயிரம், ஐம்பதாயிரம்; மகள் கலியாணத்துக்கு ஆயிற்று!” என்றனர். மழை பொய்த்த வயலையும், வட்டி ஏறிய கடனையும் பார்த்துக் கலங்கி நின்ற தந்தை தலையசைத்தார். மகள் மூட்டை கட்டினாள், கோவைக்கும் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் திண்டுக்கல்லுக்கும். அப்படிச் சென்றோரிலே மிகப் பலர் தாழ்த்தப்பட்ட குடும்பத்தார்.

ஆலையிலே அவளுக்குப் பெயர் தொழிலாளி அல்ல, ‘பயிற்சியாளர்’! அறுந்த இழையை ஒட்டப் பழகுவதற்கு மூன்றாண்டா வேண்டும்? பயிற்சி நீண்டது, கூலி சுருங்கியது. இரவு ஷிப்டிலே கலைந்த உறக்கம், பஞ்சுத் தூசி படிந்த மூச்சு, காப்பாளர் மனம் வைத்தால் தாயோடு நான்கு வார்த்தை. நோயுற்று இடையிலே வீடு திரும்பியோர் பலருக்கு மொத்தத் தொகை கைக்கு வரவேயில்லை. அந்தத் தொகை என்ன, முதலாளியின் பரிசா? அல்ல, அல்ல! அவள் கூலியிலே பிடித்து வைத்த பணம்! அவள் பணத்தையே அவளுக்குப் பரிசென்று காட்டிய கண்கட்டு வித்தை!

“ஆலை இல்லையேல் அவள் பட்டினி கிடப்பாளே” என்பர். பெண் வேலைக்குச் செல்வதை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். மாதச் சம்பளம் மாதந்தோறும் அவள் கையிலே சேரட்டும். விடுதிக் கதவு அவள் விருப்பத்துக்குத் திறக்கட்டும். இவ்வளவே கேட்கிறோம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பிறந்தது 1976லே. எதிர்ப்பு எழுந்த பிறகு திட்டத்தின் பெயரும் மங்கிற்று. பூட்டுகள் யாவும் திறந்துவிட்டன என்று நம்பத்தான் நமக்குத் துணிவில்லை.

ஏன் அந்தப் பெயர்? கணவன் உயிரோடிருப்பதாலே மட்டும் பெருமை பெறுபவள் சுமங்கலி! கைம்பெண்ணை அமங்கலி என்று மூலையிலே தள்ளிய அதே பழமை தந்த சொல். வறுமை தந்தையை வளைத்தது. வைதீகம் வலை பின்னியது. ஆலை அறுவடை செய்தது. “தலைவிதி” என்று அதற்கு முத்திரையும் குத்தினர்!

1929லே செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. 60 ஆண்டு கழித்து, 1989லே, தமிழ்நாட்டிலே அது சட்டமாயிற்று. ஆனால் சொத்தே இல்லாத தந்தையின் மகளுக்கு? கல்வியே சொத்து! ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கென மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989லே தொடங்கிய உதவியை, அரசுப் பள்ளியிலே பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் என 2022லே அரசு மாற்றி அமைத்தது. தாலியிலிருந்து ஏட்டுக்கு! செல்லவேண்டிய திசை அதுவே.

தோழர்களே! முதலாளியை ஏசுவது எளிது, ஏசுவோம். ஆனால் அந்த ஐம்பதாயிரம் இறுதியிலே யார் கைக்குப் போகிறது? வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. ஆயினும், மேடையிலே பகுத்தறிவு முழங்கிவிட்டு, மணநாளிலே “பெற்றோர் விருப்பம்” என்று முணுமுணுத்துப் பவுன் எண்ணும் இளைஞன் நம்மிடையே இல்லையா? அவன் விரலிலே மின்னுவது மோதிரமா? ஒரு பெண் இழந்த பள்ளி நாட்கள்!

கேட்கும் கை இருக்கும்வரை தரகன் வருவான். அந்தக் கை நம்முடையதாக இருக்கலாகாது. வாங்க மறுப்போம்! வாங்குபவன் நண்பனேயாயினும், அவன் மணப்பந்தலை மிதிக்க மறுப்போம்!