பந்தயக் காரும் பலமான பாகமும்

சனி, ஞாயிறுகளில் பந்தயக் கார் ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகிறவர்கள் மேல்நாடுகளில் ஏராளம். வண்டி, பெட்ரோல், டயர், ரிப்பேர் எல்லாம் அவர்களுடைய கைப்பணம். வென்றால் பெரும்பாலும் ஒரு கோப்பைதான் மிச்சம். இத்தகையோர் தங்கள் இஞ்சினில், கார்க் கம்பெனி போட்டதைவிட உறுதியான பாகங்களை வெளியே வாங்கிப் பொருத்த விதி இடம் தரலாமா? நெடுநாளாகத் தீராத வழக்கு இது.

'பார்முலா போர்டு' பந்தயத்தையே எடுத்துக் கொள்ளலாம். 1967 ஜூலை 2-ம் தேதி இங்கிலாந்தில் பிராண்ட்ஸ் ஹாட்ச் மைதானத்தில் இதன் முதல் போட்டி நடந்தது. பந்தய இஞ்சின்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால், கார்ட்டினா காரின் சாதாரண இஞ்சினை வைத்தே ஓட்டுவது என்று ஏற்பாடாயிற்று. 1969-ல் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பும் இதை ஏற்றுக்கொண்டது. பணப்பை அல்ல, கைத்திறமையே வெல்ல வேண்டும் என்பது நோக்கம். 'கம்பெனிப் பாகம்தான் இருக்க வேண்டும்' என்ற விதி அந்த நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். அதைப் பரிகசிப்பது நியாயமாகாது.

ஆனால் அந்த இஞ்சின் குடும்பத்தோடு கடைவீதிக்குப் போய் வருவதற்காகச் செய்யப்பட்டது. அதன் கிராங்க், வார்ப்பு இரும்பு. நிமிஷத்துக்கு 7,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிஸ்டனும் வினாடிக்கு 116 தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது. சுற்று 6,000-லிருந்து 7,000 ஆனால் வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடும். கனெக்டிங் ராடை இழுக்கும் விசையோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். ராடு முறிந்தால் அது இஞ்சினின் பக்கச் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். ஆயில் அத்தனையும் பாதையில். பின்னால் நூறு மைல் வேகத்தில் வருகிறவர் அந்த ஆயிலின் மேல் தான் பிரேக் போட வேண்டும்! 'அவன் இஞ்சின், அவன் நஷ்டம்' என்று தள்ளிவிட முடியாத விஷயம் இது.

சிக்கனம் என்ற வாதமும் நாளாக ஆக நைந்துவிட்டது. போர்டு கம்பெனி அந்த இஞ்சினைச் செய்வதை நிறுத்தியபின், பழைய பாகங்களைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. வசதியுள்ளவர் பத்துக் கிராங்க் வாங்கி, விரிசல் இல்லாத ஒன்றைப் பொறுக்கி எடுப்பார். வசதியில்லாதவர் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு கடவுளை வேண்டுவார். பணக்காரரைக் கட்டுப்படுத்த வந்த விதி அவருக்கே குடை பிடிக்கிறது.

அமெரிக்க கிளப் இதில் பிடிவாதம் பிடிக்கவில்லை. மாற்று அலுமினிய ஹெட்டை அனுமதித்தது. போர்டு கம்பெனியும் பிற்பாடு பந்தயக்காரர்களுக்காக அந்த இஞ்சின் பிளாக்கை மறுபடி வார்த்துக் கொடுத்தது. 2010 வாக்கில் ஹோண்டா இஞ்சினுக்கும் வாசல் திறந்தது. பந்தயம் அதனால் அழிந்துவிடவில்லை.

எதிர்ப்பவர்களுடைய அச்சமும் வீணானதல்ல. உறுதியான பாகம் என்று உள்ளே வருவது, பெரும்பாலும் லேசான பாகமாகவும் இருக்கும். லேசானால் சுற்று கூடும். சுற்று கூடினால் வேகம். பிறகு எல்லோரும் அதையே வாங்கித் தீர வேண்டும். ஆனால் இதற்கு மருந்து ஒரு தராசுதான். மாற்றுப் பாகம் பழைய பாகத்தைவிட ஒரு கிராம்கூடக் குறையக் கூடாது. அளவுகள் மாறக் கூடாது. குறைந்தபட்ச எடை விதிப்பது இந்தப் பந்தயத்துக்குப் புதிதும் அல்ல. சுற்றுக்கு உச்சவரம்பு வைத்து, அதை மீறினால் தீப்பொறியை நிறுத்தும் சிறு கருவியையும் கட்டாயமாக்கிவிட்டால், மிஞ்சிய பலம் ஆயுளுக்குத்தான் உதவும், வேகத்துக்கு உதவாது.

ஒன்று மட்டும். இத்தகைய மாறுதலைப் பந்தயப் பருவத்தின் நடுவில் கொண்டுவரலாகாது. பருவம் முடிந்ததும் அறிவித்து, பழைய பாகங்களை வைத்திருப்பவர்கள் அவை தேயும் வரையில் ஓட்டிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். நேற்றுத்தான் கடன் வாங்கி இஞ்சினைப் பிரித்துக் கட்டியவரும் அவர்களில் இருப்பார்.