வெயிலை வீணாக்கும் இலை: குறையா, பாதுகாப்பா?

வீட்டுக்குள் இருந்த மணி பிளான்ட்டை ‘கொஞ்சம் வெயில் காட்டுவோம்’ என்று பால்கனிக்கு மாற்றினால், சில நாளிலேயே இலை வெளுத்துப்போகும். தண்ணீர் போதலையோ என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் பிரச்சினை வெளிச்சம்தான்.

நெல், சோயா போன்ற பயிர்களின் இலை உச்சி வெயில் முழுவதையும் உணவாக்கிவிடாது. ஒரு அளவைத் தாண்டினால் ஒளிச்சேர்க்கையின் வேகம் கூடுவது நின்றுவிடும். பச்சையமோ ஒளியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். செலவாகாத அந்த ஆற்றல் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்ந்தால், செல்லையே சிதைக்கும் மூலக்கூறுகள் உருவாகும்.

அதனால்தான் இலைக்குள் ஒரு வடிகால் இருக்கிறது. ஒளி கூடும்போது பசுங்கணிகத்தின் உள்ளே இருக்கும் நுண்பைகளில் அமிலத்தன்மை ஏறும். பிஎஸ்பிஎஸ் என்ற புரதம் அதை உணரும். வயோலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி சியாசாந்தினாக மாறும். இரண்டும் சேர்ந்து உபரி ஆற்றலை வெப்பமாக வெளியேற்ற உதவும். சில நொடிகளிலேயே இந்த வேலை தொடங்கிவிடும்.

சிக்கல், வடிகாலை மூடுவதில் இருக்கிறது. மேகம் மறைத்தாலும் அது சட்டென்று மூடாது, பல நிமிடங்கள் ஆகும். அதுவரை கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்திலும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். இந்தத் தாமதத்தால் 7.5 முதல் 30 சதவீதம் வரை விளைச்சல் வாய்ப்பு பறிபோகலாம் என்கின்றன கணினி மதிப்பீடுகள்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லாங் குழுவினர் 3 மரபணுக்களைக் கொண்டு இந்த மூடலை வேகப்படுத்தினார்கள். 2016-ல் வெளியான ஆய்வில், வயலில் வளர்ந்த புகையிலையின் எடை சுமார் 15 சதவீதம் கூடியது. 2022-ல் சோயா விளைச்சல் 33 சதவீதம் வரை உயர்ந்ததாக அறிவித்தார்கள். செய்திகளில் ஓடியது இந்த 33தான். அது அதிகபட்சம், சராசரி அல்ல.

இன்னொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படவில்லை. அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியில் இதே உத்தியைச் செய்துபார்த்தபோது வளர்ச்சி குறைந்தது. அந்த ஆய்வு வந்தது 2020-ல். அதற்கும் முன்னால், 2002-ல், சுவீடன் ஆய்வாளர்கள் பிஎஸ்பிஎஸ் புரதமே இல்லாத அராபிடாப்சிஸைச் சோதித்தார்கள். சீரான விளக்கொளி உள்ள அறையில் அது மற்ற செடிகளைப் போலவே வளர்ந்தது. திறந்தவெளியில் நட்டபோது விதை குறைந்துபோனது.

‘இந்த வருஷம் ஆஸ்பத்திரிக்கே போகலை, இன்சூரன்ஸ் பணம் வேஸ்ட்’ என்பவரின் கணக்குதான் ‘செடி வெயிலை வீணாக்குகிறது’ என்பதும். இல்லினாய் குழு இன்சூரன்ஸையே ரத்து செய்யவில்லை, தேவை முடிந்ததும் வேகமாக மூடவைத்தது. அந்த முயற்சி நியாயமானதே. ஆனால் நல்ல பருவத்து எண்ணை மட்டும் வைத்து இதைக் கொண்டாடுவது அவசரம். வறட்சியில் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருவது குறையும், அதே வெயில் அப்போது இன்னும் அதிகமாக மிஞ்சும். மழை பொய்த்த வருஷத்தில், தண்ணீர் இல்லாத வயலில் அந்தச் சோயா எவ்வளவு காய்த்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.