‘916’ என்று இருந்தால் போதுமா? நகை வாங்கும் முன் இதைப் பாருங்க

நகையில் ‘916’ இருந்தாலே சுத்தத் தங்கம்னு நினைக்கிறீங்களா? அது 22 காரட், அதாவது 91.6% தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள். ஆனால், அந்த எண்ணை மட்டும் யார் வேண்டுமானாலும் பொறித்துவிடலாம்.

எதைப் பார்க்கணும்?

பிஐஎஸ் முத்திரை, தூய்மை எண், எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க ஹெச்யுஐடி என மூன்றும் இருக்கணும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளுக்கு இந்த ஹெச்யுஐடி கட்டாயம். நகைக்கு நகை அது மாறும். 2 கிராமுக்குக் குறைவான மூக்குத்தி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

எப்படிச் சரிபார்ப்பது?

பணம் கட்டும் முன் கடையிலேயே ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் ஹெச்யுஐடியைப் போட்டுப் பாருங்க. கையில் இருப்பது மோதிரம், செயலி காட்டுவது வளையல் என்றால் வாங்காதீங்க.

ஏமாந்தால்?

சோதனையில் தூய்மை குறைவு என்று தெரிந்தால், குறைந்த தங்க மதிப்பின் இரு மடங்கும் பரிசோதனைக் கட்டணமும் இழப்பீடாகத் தர விதி இருக்கு. அதைக் கேட்க எடை, காரட் குறிப்பிட்ட பில் வேணும். ‘பில் இல்லாம வாங்கினா ஜிஎஸ்டி மிச்சம்’ என்றால், மிச்சமாவது உங்களுக்கு அல்ல.