மாத்திரைக்குள் என்ன மாவு?



சேலம் ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் நிறைந்த இடம். அங்கே ஒரு கடையில் கேட்டுப் பாருங்கள்: "இந்த மாத்திரையில் எந்த மாவு சேர்ந்திருக்கிறது?" கடைக்காரர் விழிப்பார். அவர்மீது குற்றமில்லை. அதைச் சொல்லாமலே விற்றுப் பழகியவர்கள் மருந்து முதலாளிகள்.

மாத்திரையில் மாவா என்று சிரிக்க வேண்டாம். வில்லையாகப் பிடிக்கவும், வயிற்றில் உடையவும் ஸ்டார்ச் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் அது மக்காச்சோளத்தில் எடுத்தது. உருளைக்கிழங்கு, மரவள்ளி, கோதுமையிலும் எடுக்கலாம்.

சீலியாக் நோயாளிக்குக் கோதுமையிலுள்ள குளூட்டன் புரதம் ஆகாது. சிறுகுடலின் உட்சுவர் தேயும், தின்றது உடம்பில் ஒட்டாது, இரத்தம் சுண்டும், பிள்ளைகள் வளர்ச்சி குன்றுவார்கள். கோதுமையின் குற்றத்தை ஹாலந்து டாக்டர் டிக்கே 1950-ல் எடுத்துக் காட்டினார். ஆயுள் முழுதும் பத்தியமே வைத்தியம். தினமும் விழுங்கும் மாத்திரையிலேயே கோதுமை இருந்தால் பத்தியம் என்னாவது?

"தெற்கே இந்நோய் அபூர்வம்" என்பார்கள். 2016-ல் வெளியான ஆய்வும் வடக்கில்தான் அதிகம் என்றது. ஆனால் இன்று மில்லில் நம் பக்கத்து மெஷினில் நிற்பவர் பீகார்த் தோழர். அவர் வயிறும் தொழிலாளி வயிறுதான்!

"கோதுமை ஸ்டார்ச் உள்ள மாத்திரை வெகு சில, அளவும் சொற்பம்" என்பது அடுத்த வாதம். சரி. இல்லாத மாத்திரையில் "இல்லை" என்று அச்சடிக்க என்ன தடை? ஒரு வரி மைதானே செலவு!

"குளூட்டன் இல்லை" என்று உணவுப் பொட்டலத்தில் போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. பிஸ்கோத்துக்கு உள்ள கணக்கு மாத்திரைக்கு வேண்டாமா? ஐரோப்பாவில் கோதுமை ஸ்டார்ச் இருந்தால் மருந்தோடு வரும் சீட்டில் சொல்லியாக வேண்டும். இங்கே 2023 ஆகஸ்ட் முதல் 300 மருந்துகளுக்குக் கியூ.ஆர். கட்டம் கட்டாயமாயிற்று. அதற்குச் சர்க்கார் கேட்ட விவரம் என்ன? பெயர், கம்பெனி, பேட்ச், தேதி, லைசென்ஸ். மாவைக் கேட்கவில்லை!

சேலம், நாமக்கல் மரவள்ளியிலிருந்து ஸ்டார்ச் எடுப்பவர்கள் நம் மக்கள். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவே இங்கே பிறந்தது. மரவள்ளி ஸ்டார்ச்சில் குளூட்டன் கிடையாது. மாவு எடுக்கும் ஊர்க்காரன் மாவின் பெயர் தெரியாமல் மாத்திரை விழுங்குவதா?

யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சந்தேகமிருந்தால் டாக்டரைக் கேளுங்கள். சர்க்காரிடமும் கம்பெனிகளிடமும் கேட்க வேண்டியது ஒன்று: ஸ்டார்ச் எதில் எடுத்தது என்பதை ஒவ்வொரு அட்டையிலும் தமிழில் அச்சடி! செல்போன் இல்லாத கூலிக்காரரும் படிக்கும்படி அச்சடி!