வீச்சின் வேர் பாதத்தில்

சென்ற ஆண்டு கனடாவிலிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. ரொறன்ரோ நகரில் வாழும் என் தங்கை எழுதியது. நாள்தோறும் தொலைபேசியிற் பேசுகின்றவள் கடிதம் எழுதினால், அது வாயாற் சொல்லத் தயங்கிய செய்தியாகவே இருக்கும். கவலையோடு பிரித்தேன்.

“அண்ணா, பிள்ளை இனி விளையாடமாட்டேன் என்று அழுகிறாள். ஆறு ஆட்டத்தில் ஒரு பந்தைக்கூட அவள் அடிக்கவில்லை. இவர் வேலியோரம் நின்று சத்தம் போடுகிறார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காருக்குள் ஒரே புத்திமதி. நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிறவர்; கல்லூரியில் கிறிக்கெற் பிள்ளைகளையும் பார்த்தவர். அவள் அடிப்பதைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். என்ன பிழை என்று பார்த்துச் சொல்லுங்கோ.”

பன்னிரண்டு வயதான என் மருமகள் ஆடுவது ‘சொவ்ற்போல்’ என்னும் ஆட்டம். மென்பந்து என்றதும் நம் நாட்டவர் ரெனிஸ் பந்தால் ஆடும் கிறிக்கெற்றையே நினைப்பர். இஃது அதுவன்று. தடியாற் பந்தை அடித்துவிட்டுத் தரிப்பிடம் தரிப்பிடமாக ஓடும் நமது ‘எல்லே’ ஆட்டத்தை அறிந்தவர்களுக்கு இதன் போக்கு எளிதில் விளங்கும். 1887 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சிக்காகோ நகரின் படகுக் கழக மண்டபம் ஒன்றினுள்ளே, குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகச் சுருட்டிக் கட்டி, தும்புத்தடிக் கம்பினால் அடித்து இளைஞர் சிலர் பொழுதுபோக்கினர். அன்று விளையாட்டாகத் தொடங்கிய அவ்விளையாட்டே வளர்ந்து, 1996 ஆம் ஆண்டில் மகளிருக்குரிய ஒலிம்பிக் போட்டியாயிற்று.

பெயரில் மென்மை உண்டேயன்றிப் பந்தில் அது கிடையாது. கிறிக்கெற் பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 9 அங்குலம். இதன் சுற்றளவு 12 அங்குலம். துடுப்போ தட்டையன்று, சிற்றுலக்கைபோல உருண்டது. எறிபவள் கையைச் சக்கரமாகச் சுழற்றி, இடுப்பின் மட்டத்திலிருந்து பந்தை விடுகின்றாள். அடிப்பவள் மூன்று முறை தவறினால் வெளியேற வேண்டியதுதான்.

இனி ஒரு சிறு கணக்கு. மாணவச் செல்வங்கள் தாமும் செய்து பார்க்கலாம். எறிபவளுக்கும் அடிப்பவளுக்கும் இடையிலுள்ள தூரம் 40 அடி என்று வைத்துக்கொள்வோம். பந்து மணிக்கு 50 மைல் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். அது விநாடிக்கு 73 அடி. எறிபவள் ஓரடி முன்வைத்தே பந்தை விடுகின்றாளாதலால், அடிப்பவளுக்குக் கிடைப்பது அரை விநாடி மாத்திரமே. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி துடுப்பை வீசுவதற்கே செலவாகின்றது. எஞ்சிய நேரத்துக்குள் பந்தைக் காணவும், அதன் போக்கை அறியவும், அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்யவும் வேண்டும்.

இக்கணக்கை நன்கறிந்திருந்தும் நான் ஒரு பெரும் பிழை செய்தேன். தங்கை அனுப்பிய படத்தைத் திரையிலே நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கண்ட குறைகளையெல்லாம் எண்ணிட்டு, பதினொரு திருத்தங்களாக எழுதி அனுப்பினேன். பதில் மருமகளிடமிருந்தே வந்தது.

“மாமா, இவ்வளவையும் நான் எப்ப நினைக்கிறது? அதுக்குள்ள பந்து போயிடும்.”

அவ்வொரு வரியைப் படித்தபோது, இருபது ஆண்டுகளாக நான் திருத்திய கட்டுரைக் கொப்பிகள் என் கண்முன் வந்தன. பக்கமெல்லாம் சிவப்பு மையைக் கொட்டியபோது, அந்தப் பிள்ளைகள் எழுதக் கற்றார்களா, எழுத அஞ்சக் கற்றார்களா? வேலியோரம் நின்று சத்தமிடும் என் மைத்துனருக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு, அவர் வாயாற் செய்ததை நான் மையாற் செய்தேன் என்பதே.

பதினொன்றையும் கிழித்தெறிந்துவிட்டு மீண்டும் படத்தைப் பார்த்தேன். இம்முறை, ‘எத்தனை குறைகள்?’ என்று கேட்கவில்லை. ‘எந்தக் குறையிலிருந்து மற்றவை பிறக்கின்றன?’ என்று கேட்டேன். விடை விரைவிலே கிடைத்தது. பிள்ளையின் கால்கள் அடித்திறுக்கிய கட்டைகள்போல் நின்றன. கைகள் மாத்திரம் வீசின. உடம்பிலிருந்து பெறவேண்டிய பலத்தைப் பெறாத கைகள், அதை ஈடுசெய்ய எண்ணி அகல விரிந்தன. விரிந்ததால் வீச்சுத் தாமதித்தது. தாமதித்ததால் பந்து கடந்து சென்றது.

கோடரியால் விறகு கொத்துபவரைக் கூர்ந்து பாருங்கள். பழக்கமில்லாதவன் கையால் கொத்தி நாலு கொத்திலே களைக்கின்றான். பழகியவரோ காலை ஊன்றி, இடுப்பை வளைத்து, முழு உடம்பையும் கோடரியின் முனைக்கு அனுப்புகின்றார். வண்டிக்காரரின் சாட்டையும் இவ்விதமே. கனத்த அடிப்பாகம் முதலில் அசைகின்றது; அது தயங்கும்போது அதன் வேகம் மெலிந்த நுனியைச் சென்றடைகின்றது. துடுப்பு வீச்சிலும் நிலத்தை உதைக்கும் பாதம் முதலாவது, இடுப்பு இரண்டாவது, மார்பும் தோளும் மூன்றாவது, கை நான்காவது, துடுப்பின் முனை இறுதியானது. இந்த ஒழுங்கு குலைந்தால் எத்தனை பலம் இருந்தும் பயனில்லை.

ஆகவே, ஒரு கிழமைக்கு ஒரு பாடம் என்று வகுத்துக்கொண்டோம். துடுப்பை வலப்புறமாகப் பிடிக்கும் பிள்ளைக்கு எழுதியவற்றை இங்கே தருகின்றேன். இடக்கைப் பிள்ளைகள் இடம் வலம் மாற்றிக்கொள்க. எதற்கும் முன்பாகச் சுற்றிலும் எவரும் இல்லையென்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். பந்து எறியப்படும்போது முகமறைப்புள்ள தலைக்கவசம் இன்றி நிற்றலாகாது.

முதற் கிழமையிற் பந்தே வேண்டாம். பாதங்களைத் தோளகலத்துக்குச் சற்று அதிகமாக வைத்து, முழங்கால்களை இளக்கி, பாரம் முன்பாதங்களில் இருக்க நிற்க வேண்டும். துடுப்பை முதுகின் பின்னே குறுக்காக வைத்து, இரு முழங்கை மடிப்புகளாலும் தாங்கிக்கொள்க. பாரத்தை வலக்காலுக்கு மாற்றி, இடக்காலை ஒரு சாண் அளவு முன்னே மெல்ல வைக்க வேண்டும். அது ஊன்றிய பின்னர், வலப்பாதம் முன்பகுதியிலே சுழன்று குதிகால் எழும்ப, இடுப்பு திரும்பி, கொப்பூழ் எறிபவளை நோக்க வேண்டும். நாளொன்றுக்கு இருபது முறை; அதற்கு மேல் வேண்டாம். மனத்தில் இருக்க வேண்டிய வாக்கியமும் ஒன்றே: கால் ஊன்றிய பின் இடுப்பு, இடுப்புக்குப் பின் கை.

இரண்டாங் கிழமை கைகளுக்குரியது. சுழலும் நாற்காலியில் இருந்துகொண்டு கைகளை விரித்தால் வேகம் குறைவதையும், மார்போடு சேர்த்தால் கூடுவதையும் மாணவர் அறிவர். துடுப்பும் அந்த விதிக்கே கட்டுப்பட்டது. வலை வேலியொன்றை நோக்கி நின்று, துடுப்பின் அடிக்குமிழ் வயிற்றிலும் முனை வலையிலும் தொடும் அளவு தூரம் விடுக. அங்கு நின்றே மெதுவாக வீசிப் பார்க்க வேண்டும். முனை வலையிலே பட்டால் கைகள் முன்கூட்டியே விரிகின்றன என்பது பொருள். வலமுழங்கை விலாவை ஒட்டி இறங்கி, துடுப்பின் அடிக்குமிழ் பந்தை நோக்கி முன்செல்லுமாயின் வலை தப்பிவிடும். இங்கே வேலியே ஆசிரியர், அது சத்தமிடுவதில்லை. கைப்பிடியை உள்ளங்கையிற் புதைத்து நெரிக்காமல், விரல்களின் அடியிலே தளர்வாகப் பிடிக்கவும் அப்போதே பழக்கினோம்.

மூன்றாங் கிழமையிலேதான் பந்து வந்தது. அதுவும் அசையாத பந்து. இடுப்பளவு உயரமான றப்பர்த் தண்டின் மேலே பந்தை வைத்து அடிப்பது அங்கே வழக்கம். நடுவாக வரும் பந்தை முன்காலுக்கு நேராகவோ சற்று முன்னாகவோ சந்திக்க வேண்டும். உடம்பையொட்டி வருவதை இன்னும் முன்னே சந்திக்க வேண்டும். விலகி வருவதைச் சிறிது பின்னே வரவிட வேண்டும். பந்தைத் தொடும் கணத்தில் வலவுள்ளங்கை வானத்தையும் இடவுள்ளங்கை நிலத்தையும் நோக்கியிருத்தல் முறை. பேஸ்போலில் மேட்டில் நின்று தோளுக்கு மேலாக எறிவதால் பந்து சரிந்து இறங்குகின்றது. சொவ்ற்போலிலோ சமதரையில் இடுப்பு மட்டத்திலிருந்து வருவதால் அதன் பாதை பெரிதும் மட்டமானது. ஆதலின் கீழிருந்து வாரி அடிப்பவளும் மேலிருந்து வெட்டி அடிப்பவளும் பந்தின் பாதையை ஒரு புள்ளியிலே மாத்திரம் குறுக்கிடுகின்றனர். பாதையோடு இசைந்து வீசுபவள் சற்று முந்தினாலும் பிந்தினாலும் பந்தைத் தொடுவாள்.

நாலாங் கிழமையில் ஒருவர் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்து மெல்லத் தூக்கிப்போடும் பந்துகள். அதன் பின்னரே எறியும் பந்து.

இடையிலே இன்னோர் உண்மை வெளியாயிற்று. துடுப்பை இடக்கையால் மட்டும் பிடித்து, கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டி, இருபது விநாடி நிறுத்திப் பார்க்கும்படி எழுதியிருந்தேன். பத்து விநாடிக்குள்ளே கை நடுங்கியதாம். விசாரித்தபோது, “வளருகிற பிள்ளை, இரண்டு வருடத்துக்கு உதவட்டும் என்று பெரிதாக வாங்கினோம்” என்றாள் தங்கை. பள்ளிச் சப்பாத்தை ஓரளவு பெரிதாக வாங்கிப் பஞ்சடைத்து அனுப்பிய நம் பெற்றோரின் சிக்கனம் கடல் கடந்தும் மாறவில்லை! துடுப்பு அப்படி வாங்கும் பொருளன்று. கனம் மிகுந்தால் கை முந்தும், தோள் சாயும், பழகிய ஒழுங்கெல்லாம் பாழாகும். தோழி ஒருத்தியின் இலேசான பழைய துடுப்பை இரவல் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஒன்றை மாத்திரம் நான் பிள்ளைக்கு எழுதவில்லை. படத்தை மூன்றாம் முறை பார்த்தபோது கண்டது அது. துடுப்பு பந்தை எட்டுவதற்கு முன்னரே அவளுடைய தலை பந்தை விட்டுத் திரும்புகின்றது. ஒவ்வொரு தடவையும் ஒரே திசை. அத்திசையிலே வேலி, வேலியருகே தகப்பன். பந்தைக் காணவேண்டிய கண்கள், அடி தவறுமுன்பே தகப்பனின் முகத்தைக் காணப் போய்விடுகின்றன. இதற்கு எந்தப் பயிற்சியால் மருந்து செய்வது?

மைத்துனரைத் தொலைபேசியில் அழைத்தேன். இரவு வேலை முடித்துவிட்டு நித்திரையின்றி ஆட்டம் பார்க்கப் போகும் மனிதர் அவர். பிள்ளைமீது பாசம் இல்லாதவர் அப்படிப் போவாரா? “மச்சான், உங்களுக்கும் ஒரு பயிற்சி இருக்கிறது” என்றேன். “நாளுக்கு இருபத்தைந்து பந்துகளை அந்தத் தண்டின்மேல் நீங்களே எடுத்து வையுங்கோ. ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. ஆட்டத்தன்று தூரத்து வேலிக்கு அப்பால் இருங்கோ. காருக்குள் ஏறினால் பசிக்குதா என்று மாத்திரம் கேளுங்கோ.” நெடுநேரம் பதிலில்லை. பின், “அவள் படிப்பையும் விட்டு இதையும் விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் மச்சான்” என்றார்.

அவருக்கு நான் ஒரு செய்தி சொன்னேன். 1996 ஆம் ஆண்டு ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் அமெரிக்கா சீனாவை 3–1 என வென்றது. அன்று அமெரிக்காவுக்காகப் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பிய டொற் றிச்சாட்சனுக்கு வயது 34. எலும்பு முறிவுச் சத்திர சிகிச்சையிலே பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த வைத்தியர் அவர். படிப்பும் ஆட்டமும் ஒன்றையொன்று தின்ன வேண்டுமென்ற விதி இல்லை.

ஐந்து கிழமை கழிந்தது. ஒரு ஞாயிறு காலை மருமகளின் குரல் கைத்தொலைபேசியில் வந்தது. பந்தை அடித்துவிட்டாளாம். அது உயரப் போய் எதிர்ப்பக்கத்துப் பிள்ளையின் கையில் விழுந்ததால் ஆட்டமிழந்துவிட்டாளாம். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

“அதில்லை மாமா, இந்தமுறை இடுப்பு முதல் போனது! எனக்கே தெரிந்தது.”

அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். “பசிக்குதா என்று கேட்டார்” என்று சிரித்தாள்.

பரீட்சைக் காலம் வரும்போதும் பெறுபேறு வெளியாகும்போதும், நம் வீடுகளிலும் வேலியோரக் குரல்கள் எழுவதுண்டு. பிள்ளையின் பதினொரு குறைகளும் நம் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். அவற்றுள் வேரானது எதுவென்று கண்டு, அதை மாத்திரம் சொல்லிவிட்டு, மற்றவற்றுக்குப் பொறுத்திருக்க நம்மால் இயலுமா? பதினொன்றையும் எழுதியனுப்பிய எனக்கு அது இன்னமும் இலேசாக வரவில்லை. நானும் கிழமைக்கு ஒரு பாடமாகவே பழகி வருகின்றேன்.