பாலோ ஆல்டோவின் இன்னொரு கார் ஷெட்

கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில், அடிசன் அவென்யூ 367ஆம் எண் வீட்டின் பின்புறம் ஒரு சின்ன கார் ஷெட் இருக்கிறது. 1938இல் வில்லியம் ஹியூலெட், டேவிட் பேக்கார்ட் என்ற இரண்டு இளைஞர்கள் அங்கே கருவிகளோடு மல்லுக்கட்டத் தொடங்கினார்கள். மறு ஆண்டே ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் பிறந்தது. ஒலிக்கருவிகளைச் சோதிக்கும் ஆடியோ ஆசிலேட்டர்தான் அவர்களின் முதல் தயாரிப்பு. 'ஃபேன்டேசியா' படத்துக்காக வால்ட் டிஸ்னியின் ஸ்டுடியோ அதில் எட்டை வாங்கியது. இன்று அந்த ஷெட் மாநிலத்தின் வரலாற்றுச் சின்னம். வீட்டின் முன்னால் பட்டயம் பதித்திருக்கிறார்கள். சொந்தமாகத் தொழில் தொடங்குங்கள் என்று மாணவர்களைத் தூண்டிய ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஃபிரெடரிக் டெர்மனின் பெயரும் அந்தப் பட்டயத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அதே ஊரில் இன்னொரு கார் ஷெட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. அங்கே பட்டயம் எதுவும் இல்லை.

1993இல் ஜோர்டன் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்த நான்கு சிறுமிகள், பள்ளி நிகழ்ச்சி ஒன்றில் வாசிப்பதற்காக ஒரு குழு அமைத்தார்கள். பிரெட் ஆண்டர்சன் பாடினார். அலிசன் ராபர்ட்சன் கிட்டார், மாயா ஃபோர்ட் பேஸ் கிட்டார், டோரி காஸ்டெல்லானோ டிரம்ஸ். டோரி வீட்டு கார் ஷெட்தான் ஒத்திகைக் கூடம். பள்ளி விட்டதும் அங்கே கூடுவார்கள். எல்7, மஃப்ஸ், ஜப்பானின் ஷோனென் நைஃப் போன்ற பெண்கள் முன்னின்ற குழுக்களின் பாடல்களை வாசித்துப் பார்த்தே கைபழகினார்கள். முதலில் 'ராகடி ஆன்', உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் 'தி எலக்ட்ரோக்யூட்ஸ்' என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. சக மாணவர்கள் கேலி செய்தார்கள். ஒத்திகை நிற்கவில்லை. இந்த நால்வரைத்தான் உலகம் பின்னாளில் 'தி டோனாஸ்' என்று அறிந்தது.

கார் ஷெட்டில் இசை வளர்வது அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1960களில் ஊருக்கு ஊர் பள்ளிப் பையன்கள் மலிவான கிட்டார்களோடு ஷெட்டுகளில் கூடி, மூன்று நான்கு ஸ்வரக்கட்டுகளுக்குள் பாட்டமைத்தார்கள். கிங்ஸ்மென் 1963இல் பதிவு செய்த 'லூயி லூயி' அந்த வகைக்கு வேதம் போன்றது. வரிகள் சரியாகக் காதில் விழாது. தாளம் மட்டும் ஆளைப் பிடித்து உலுக்கும். இந்த முரட்டு இசைக்கு 'கராஜ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1976இல் ராமோன்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தில் அதை இன்னும் சுருக்கி, இன்னும் வேகமாக்கி, பங்க் இசைக்கு வழி திறந்தார்கள். ரத்த உறவு ஏதும் இல்லாத அந்த நால்வரும் ராமோன் என்பதையே குடும்பப் பெயராகச் சூடிக்கொண்டார்கள்.

பாலோ ஆல்டோ பெண்கள் அந்த உத்தியைத் திருப்பிப் போட்டார்கள். டோனா ஏ., டோனா ஆர்., டோனா எஃப்., டோனா சி. என நால்வருக்கும் ஒரே முதல் பெயர்.

இங்கேதான் கதைக்குள் ஒரு ஆண் வருகிறார். டேரின் ரஃபேலி, 'சூப்பர்சார்ஜர்' என்ற கராஜ் குழுவில் இருந்தவர். எலக்ட்ரோக்யூட்ஸின் நிகழ்ச்சியைப் பார்த்த அவர், தம்மிடம் சில பாடல்கள் இருப்பதாகவும், பெண்கள் பாடினால் பொருந்தும் என்றும் சொன்னார். நால்வரும் சம்மதித்தார்கள். கடைநேரம் முடிந்த பிறகு, தபால் பெட்டிகளை வாடகைக்கு விடும் ஒரு கடைக்குள் கருவிகளை அடுக்கி, இரவில் பதிவு செய்தார்கள். அந்த இசைத்தட்டுகள் 'தி டோனாஸ்' என்ற பெயரில் ரஃபேலியின் சொந்த லேபிளில் சிறு எண்ணிக்கையில் வெளிவந்தன. 1997இல் முதல் ஆல்பமும் அதே வழியில் வந்தது.

அன்று தொடங்கிய பேச்சு நெடுங்காலம் ஓயவில்லை. இந்தப் பெண்கள் ரஃபேலியின் கைப்பொம்மைகள், எழுதுபவர் அவர், இவர்கள் வாயசைக்கிறார்கள் என்று இசை வட்டாரத்தில் ஓதிக்கொண்டே இருந்தார்கள். பேட்டிகளில் அவர்களை நோக்கி மறுபடி மறுபடி வந்த கேள்வியும் அதுதான்.

உண்மையை மறைக்க வேண்டியதில்லை. தொடக்ககாலப் பாடல்களில் ரஃபேலியின் பங்கு பெரிது. 1998இல் லுக்அவுட் நிறுவனம் வெளியிட்ட 'அமெரிக்கன் டீனேஜ் ராக் அண்ட் ரோல் மெஷின்' ஆல்பத்திலும் அவர் கை உண்டு. ஆனால் அவரைச் சந்திப்பதற்கு முன்பே இந்த நால்வரும் எலக்ட்ரோக்யூட்ஸ் என்ற பெயரில் சொந்தமாகப் பாட்டெழுதி, சொந்தமாக மெட்டமைத்து, மேடையேறிக்கொண்டிருந்தார்கள். டோனாஸ் பிறந்த பிறகும் சில காலம் ஒரே நால்வர் இரண்டு குழுக்களாக இயங்கினார்கள். டோனாஸைவிட எலக்ட்ரோக்யூட்ஸின் இசை கடுமையானது, வேகமானது. 'ஸ்டீல் யெர் லன்ச் மணி' என்ற அந்தக் குழுவின் ஆல்பம் 1999இல் வெளிவந்தது. கைப்பொம்மை என்று சொன்னவர்கள் அதைக் கேட்டிருந்தால் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

ஹியூலெட்டுக்கும் பேக்கார்டுக்கும் பின்னால் டெர்மன் இருந்தார். அவரை வரலாறு வழிகாட்டி என்று போற்றுகிறது. லண்டனின் கிங்ஸ் ரோட்டில் துணிக்கடை வைத்திருந்த மேலாளர் மால்கம் மெக்லாரன் இல்லாமல் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு இல்லை. ஆனாலும் அந்தக் குழு பங்க் இசையின் அடையாளமாக நிலைத்துவிட்டது. எல்விஸ் பிரெஸ்லி தம் புகழ்பெற்ற பாடல்களை எழுதியவர் அல்ல. 'ஹவுண்ட் டாக்' பாடலை லீபர், ஸ்டாலர் இரட்டையர் எழுதினார்கள். முதலில் பாடிப் புகழ் பெற்றவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண்மணி. எல்விஸின் அரியணை அதனால் ஆடவில்லை. இளைஞன் ஒருவனுக்குக் கிடைக்கும் உதவி குருவருள், இளம்பெண்ணுக்குக் கிடைத்தால் மட்டும் அது மோசடியா? இந்த அளவுகோல் அநியாயமானது. டோனாஸின் ஏறக்குறைய இருபது ஆண்டு வாழ்க்கை முழுவதும் அதன் நிழல் விழுந்து கிடந்தது.

இந்தச் சந்தேகத்துக்கு முன்கதை உண்டு என்பதும் சரிதான். 1975இல் லாஸ் ஏஞ்சலிஸில் உருவான 'தி ரன்அவேஸ்' குழுவின் மேலாளர் கிம் ஃபவுலி. பதின்பருவப் பெண்களைச் சந்தைச் சரக்காக விற்றார் என்ற குற்றச்சாட்டு அவர் மீது அழுத்தமாக நிற்கிறது. அது அவர் செய்த தவறு. அதன் கணக்கை அடுத்த தலைமுறைப் பெண்களின் தலையில் எழுதுவது என்ன நியாயம்? ரன்அவேஸில் கிட்டார் வாசித்த ஜோன் ஜெட், பின்னர் நிறுவனங்கள் பல கதவடைத்தபோது சொந்த லேபிள் தொடங்கினார். 1982இல் 'ஐ லவ் ராக் அண்ட் ரோல்' பாடலோடு அமெரிக்கப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றார். அவர் யாருடைய பொம்மையும் அல்ல என்பதற்கு அந்த ஏழு வாரமே போதும்.

டோனாஸும் வேலையாலேயே பதில் சொன்னார்கள். ரஃபேலியின் துணையின்றி 1999இல் 'கெட் ஸ்கின்டைட்', 2001இல் 'டர்ன் 21'. ஆல்பத்துக்கு ஆல்பம் அலிசனின் கிட்டார் தடித்தது, கூர்மை பெற்றது. ராமோன்ஸின் எளிமையோடு 1970களின் கனத்த ராக் இசையும் கலந்தது. மாட்லி க்ரூ, ஜூடாஸ் பிரீஸ்ட் போன்ற ஆண் குழுக்களின் பாடல்களை அவர்கள் தம் குரலில் பாடியபோது, ஆண்கள் பெண்களைப் பார்த்துப் பாடிய வரிகள் அப்படியே திசை திரும்பின. பையனைப் பார்த்துப் பெண் கண்ணடிப்பதும், அலுத்துப்போனால் வாசலைக் காட்டுவதும் கராஜ் இசைக்கு அதுவரை அதிகம் பழக்கமில்லாத சங்கதி.

2002இல் அட்லாண்டிக் என்ற பெரிய நிறுவனம் 'ஸ்பெண்ட் தி நைட்' ஆல்பத்தை வெளியிட்டது. அது பில்போர்டு பட்டியலில் 62ஆம் இடம் வரை ஏறியது. 2003 ஜனவரியில் 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியின் மேடை, அதே ஆண்டு லொல்லாபலூசா இசைவிழாவின் சுற்றுப்பயணம். 2004இல் வந்த 'மீன் கேர்ள்ஸ்' படத்தில் அவர்கள் பாடிய 'டான்சிங் வித் மைசெல்ஃப்' ஒலித்தது. 2005இல் வெளியான முதல் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் 'டேக் இட் ஆஃப்' இடம்பெற்றது. அலிசன் உருவாக்கிய அந்த கிட்டார் பகுதியைப் பிளாஸ்டிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு, விரல் தவறித் தவறி, திரும்பத் திரும்பப் பழகிய பையன்களும் பெண்களும் ஏராளம்.

டிரம்ஸுக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர் கொடுத்த விலையைப் பற்றி யாரும் அதிகம் பேசியதில்லை. இந்த வகைப் பாடல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேகம் நிமிடத்துக்கு 180 தட்டு. வலக்கை ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு முறை தாளத்தட்டில் விழ வேண்டும். அதாவது நொடிக்கு ஆறு அடி. இரண்டரை நிமிடப் பாட்டுக்குத் தொள்ளாயிரம். ஓர் இரவில் இருபது பாட்டு என்றால் பதினெட்டாயிரம். இது ஒரு கையின் கணக்கு மட்டும். இடக்கையும் இரண்டு கால்களும் தனி. மறுநாள் இன்னொரு ஊர், அதே கணக்கு. எட்டாம் வகுப்பில் கார் ஷெட்டில் தொடங்கிய டோரியின் கைகள் இதைப் பத்தாண்டு தாங்கின. பிறகு தசைநாண் அழற்சி வந்தது. ஓய்வெடுத்தார், வாசிக்கும் முறையை மாற்றிக்கொண்டார், 2004இல் 'கோல்ட் மெடல்' ஆல்பத்துக்கு மீண்டும் குச்சியைக் கையில் எடுத்தார்.

அந்த ஆல்பம் நிறுவனம் எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. அட்லாண்டிக்குடனான உறவு முடிந்தது. சோர்ந்து கலைந்திருக்கலாம். அவர்கள் 'பர்ப்பிள் ஃபெதர்' என்ற சொந்த லேபிளைத் தொடங்கி, 2007இல் 'பிட்சின்' ஆல்பத்தை அதிலேயே கொண்டுவந்தார்கள். பொம்மைகள் நிறுவனம் நடத்துவதில்லை.

2010இல் தோள்பட்டை வலி டோரியை முற்றாக நிறுத்தியது. டிரம்ஸை விட்டு விலகிய அவர் ஸ்டான்ஃபோர்டில் படித்துப் பட்டம் பெற்று, ஹார்வர்டில் சட்டம் பயின்றார். எட்டாம் வகுப்பிலிருந்து ஆள் மாறாமல் வந்த குழுவில் அதுதான் முதல் பிரிவு. 2012இல் டோனாஸ் கலைந்தது. பதின்பருவத்தில் நால்வர் தொடங்கும் குழு ஒரு கோடை விடுமுறையைத் தாண்டுவதே அரிது. இவர்கள் ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் அதே நால்வராக நின்றார்கள். ஆண் குழுக்களிலேயே இதற்கு இணை சொல்லத் தேட வேண்டியிருக்கும்.

காலம் மாறிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். 2021 மே மாதம், லாஸ் ஏஞ்சலிஸ் பொது நூலகத்தில் 'தி லிண்டா லிண்டாஸ்' என்ற சிறுமியர் குழு வாசித்த காணொளி உலகெங்கும் பரவியது. டிரம்ஸ் வாசித்த சிறுமிக்கு அப்போது வயது பத்து. வகுப்பில் அவர் நேரில் சந்தித்த இனவெறியைத்தான் குழு பாட்டாக்கியிருந்தது. கைதட்டலோடு கூடவே அந்தப் பழைய முணுமுணுப்பும் எழுந்தது. இவர்களின் பின்னால் இருப்பது யார், தந்தை இசைத் துறைக்காரராமே என்று கேட்டார்கள். இசைக்குடும்பத்தில் பிறந்த பையனுக்குப் பெருமையாகச் சொல்லப்படும் செய்தி, பெண் குழந்தைக்குக் குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது.

இசை எழுதுபவர்களும் கேட்பவர்களும் இந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு வேறு கேள்விகளைக் கேட்கலாம். இந்தக் குழு எத்தனை நாள் ஒத்திகை பார்த்தது? அந்த கிட்டார் பகுதியை யார் அமைத்தார்கள்? தாளம் எங்கே இறுகுகிறது, எங்கே நழுவுகிறது? பதில்கள் சாதகமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டு மோசமென்றால் மோசம் என்று எழுதலாம். வாசித்தவரைப் பார்த்து எழுதினால் போதும்.

டோனாஸைக் கேட்டிராதவர்கள் 2002ஆம் ஆண்டு ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். அதன் பிறகு பின்னோக்கிப் போய் எலக்ட்ரோக்யூட்ஸைக் கேளுங்கள். ஒலிப்பதிவு கரடுமுரடாக இருக்கும், குரல் கத்தலாக இருக்கும். ஆனாலும் 2002இல் கேட்ட அதே நான்கு பேர்தான் அங்கேயும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்: பிரெட், அலிசன், மாயா, டோரி.