வீட்டுக்கும் இல்லத்துக்கும் நடுவே ஒரு சொல்

முதியோர் இல்லத்தைப் பற்றி எழுதாத தமிழ்க் கவிஞர் எவரேனும் உண்டா என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். வாசலைப் பார்த்தபடி தாய், வெளிநாட்டில் மகன், மாதந்தவறாமல் வந்து சேரும் பணம், கடைசி வரியில் கண்ணீர். கல்லூரி ஆண்டுமலர் முதல் பட்டிமன்ற மேடை வரை இந்த அச்சு இன்னும் தேயவில்லை.

இக்கவிதைகள் மீது நமக்குள்ள மனக்குறை அழகியல் சார்ந்தது மட்டுமன்று. முதுமையைப் பற்றிய நம் பேச்சில் அவை இரண்டே இடங்களை விட்டுவைத்திருக்கின்றன. ஒன்று வீடு, மற்றது இல்லம். வீட்டில் வைத்திருப்பவன் நல்ல மகன். இல்லத்தில் சேர்ப்பவன் பாவி. காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் இடம் ஒன்று நடுவே இருக்கலாம் என்பது நம் கற்பனைக்கு எட்டவில்லை. 'முதியோர் பகல்நேரப் பராமரிப்பு மையம்' என்று அரசாணைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள், கேட்பவர் "ஓ, முதியோர் இல்லமா?" என்று தீர்ப்பெழுதிவிடுகிறார். கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகள் நடத்தும் இத்தகைய இடங்களுக்குப் 'பகல்வீடு' என்று பெயர். மலையாளத்திடம் கடன் கேட்கவும் வேண்டியதில்லை. பகலும் நம்முடையது, வீடும் நம்முடையது.

"அந்தக் காலத்தில் கூட்டுக்குடும்பம் முதியோரைப் பராமரித்தது" என்பார்கள். இலக்கணம் கற்பிப்பவர்கள் என்ற முறையில் இவ்வாக்கியத்தின் எழுவாயை நாம் ஏற்பதற்கில்லை. பராமரித்தது குடும்பம் அன்று. பராமரித்தவள் மருமகள், அல்லது மணமாகாத மகள். படுக்கை நனைந்தால் மாற்றியவள் அவள். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து தெருவில் இறங்கிய மாமனாரின் பின்னால் ஓடியவளும் அவளே. நம் கவிதையில் மகனுக்கு வசை உண்டு, தாய்க்குக் கண்ணீர் உண்டு. இவளுக்கு ஒரு வரிகூட இல்லை. இருந்தாலும் வில்லியாகத்தான் வருவாள். புறநானூற்றின் 243ஆம் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். இழந்த இளமையை எண்ணி இரங்கும் அம்முதியவரைப் பற்றி மாணவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவருக்கு அன்றைக்குச் சோறிட்டவர் யார் என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை.

ஜப்பானில் ஒரு நாவல் கேட்டது. அரியோஷி சவாகோ 1972இல் வெளியிட்ட 'கோகோட்சு நோ ஹிட்டோ', மறதிநோய்க்கு ஆளான மாமனாரையும், அலுவலகத்துக்கும் போய்க்கொண்டு அவரையும் பார்த்துக்கொள்ளும் மருமகளையும் பற்றியது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன. அதுவரை வீட்டுக்குள் பூட்டிக்கிடந்த ஒரு துன்பம் ஊர்ப்பேச்சாயிற்று. அந்நாவலே சட்டம் கொண்டுவந்தது என்று நாம் சொல்லவில்லை; இலக்கியத்துக்கு அத்தனை வலிமை இருப்பதாக நம்பும் வயதை நாம் கடந்துவிட்டோம். ஆனால் முதியோர் பராமரிப்பைப் பொதுப்பொறுப்பாக்கும் காப்பீட்டுத் திட்டம் 2000இல் அங்கே நடைமுறைக்கு வந்தபோது, எவளுடைய சுமை அது என்று வாசகர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. இன்று அந்நாட்டுத் தெருக்களில் காலையில் சிறு வேன்கள் வந்து முதியோரை ஏற்றிச் செல்கின்றன. குளிப்பாட்டி, உணவளித்து, உடற்பயிற்சி செய்வித்து மாலையில் கொண்டுவந்து விடுகின்றன. பெற்றோரைப் பேணுவதை மகன்வீட்டுக் கடமையாகக் காலங்காலமாகப் போதித்த நாடு அது என்பதை, 'இதெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு' என்போர் கவனிக்கவேண்டும். அமெரிக்காவிலேயே இம்முயற்சியின் முன்னோடிகளுள் ஒன்றான 'ஆன் லோக்', 1970களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பில்தான் தோன்றியது.

அப்படி என்னதான் நடக்கிறது அங்கே? பெரிய அற்புதம் எதுவுமில்லை. நண்பகல் மாத்திரை நண்பகலிலேயே உள்ளே போகிறது. பகலெல்லாம் நாற்காலியில் தூங்கி வழிந்தவர் இரவில் விழித்து அலைவார். பகலில் நடக்கவும் பேசவும் பாடவும் வைத்தால் இரவில் ஓரளவேனும் உறங்குவார். அவர் உறங்கினால் அவளும் உறங்குவாள். அவள் வேலையை விடாமல் இருப்பாள். தன் சர்க்கரை நோய்க்குத் தானும் மருத்துவரைப் பார்ப்பாள். ஸ்டீவன் சாரிட் என்ற அமெரிக்க முதுமையியல் அறிஞரும் குழுவினரும், பராமரிப்பவர்களின் நாட்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து, முதியவர் பகல் மையத்துக்குச் செல்லும் நாட்களில் அவர்களது மன அழுத்தம் குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். பராமரிப்பவள் முற்றிலும் ஒடிந்துபோகும் நாளில்தான் குடும்பங்கள் இல்லத்தைத் தேடுகின்றன. ஆகவே பகல்வீடு இல்லத்தின் முதற்படி என்பது தலைகீழ்ப் பாடம். வீட்டை வீடாக வைத்திருப்பதே அதன் வேலை.

ஒரு கூடத்தில் தொலைக்காட்சியும் நாளிதழும் கேரம் பலகையும் வைத்துவிட்டுப் பகல்வீடு என்று பலகை மாட்டுவதை நாம் ஆதரிக்கவில்லை. அது வாசகசாலை; தானே நடந்து வரக்கூடியவருக்கானது. கைப்பிடி பொருத்திய கழிப்பறை, உடை மாற்றிவிடப் பயிற்சி பெற்ற ஆள், வீட்டு வாசலுக்கு வரும் வண்டி ஆகிய மூன்றும் இல்லையென்றால் தேவை மிகுந்தவர்தான் வெளியே நிற்பார். நாட்டில் 60 வயது கடந்தோரில் சுமார் 88 இலட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் எத்தனை பேர் தனியே நடந்து வந்து கேரம் ஆடப்போகிறார்கள்?

நம் சட்டமும் நம் கவிதையைப் போலவே இரண்டு இடங்களை மட்டுமே அறியும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. முதியவரைக் கைவிடுவோருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றது; ஆதரவற்றோருக்கு மாவட்டத்துக்கு ஓர் இல்லம் என்றது. கைவிடாமல் வைத்துக்கொண்டு திணறுபவளுக்கு அதில் ஒன்றுமில்லை. வீட்டுப் பராமரிப்பையும் பகல்நேர மையங்களையும் குறிப்பிட்ட திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. 2024இல் அந்த அவையோடு காலாவதியும் ஆயிற்று. அதற்காக எந்தக் கவிஞரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை.

குழந்தையைப் பால்வாடியில் விட்டு வேலைக்குப் போகும் தாயைக் கைவிட்டவள் என்று தமிழ்நாட்டில் எவரும் சொல்வதில்லை. இதே மாநிலத்தில்தான் 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் மறு ஆண்டே முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும் விரிவாக்கப்பட்டது. பேரப்பிள்ளைகள் உண்ணும் மையத்தில் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மதிய உணவு என்பது அதன் பொருள். அதை எவரும் அவமானமாக எண்ணவில்லை. கட்டடம் இருந்தது, அடுப்பு இருந்தது, சமைப்பவரும் இருந்தார். சாப்பிட்ட பின் மாலை வரை அவர்கள் அங்கேயே இருக்கட்டும் என்று மட்டும் அன்று எவருக்கும் தோன்றவில்லை. இப்போது தோன்றினால், கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு கழிப்பறை, இரண்டு ஆட்கள், ஒரு வண்டி.